தித்தன் காணட்டும்

என் மாணவன் ஒருவன், பிடிகளாலும் பூட்டுகளாலும் எதிரியைப் பணியவைக்கும் மற்போரைப் பயில்கிறான். அவன் தந்தையோ அதனை ஒருமுறையும் சென்று பார்த்ததில்லை. புறநானூற்றின் 80ஆம் பாடலை நடத்திய அன்று அவனை எண்ணினேன்.

சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்றதைச் சாத்தந்தையார் அதில் பாடுகிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பில் ஊன்றியது. மற்றொரு கால் அவனுடைய உபாயத்தைத் தடுத்துப் பின்புறம் வளைந்தது. தாக்க ஒரு கால், காக்க ஒரு கால்!

நம் சிங்கப்பூரிலும் இக்கலை அரங்கேறியது. 2022 ஏப்ரல் 22 அன்று, காலாங்கிலுள்ள உள்விளையாட்டரங்கில், கால்பூட்டில் பெயர்பெற்ற ஜப்பானியர் மசகாசு இமனாரிக்கு இரையாகாமல், அமெரிக்கர் மைக்கி முசுமெச்சி பின்னிருந்து கழுத்தை இறுக்கி வென்றார்.

குதிகாலைத் திருகும் பூட்டில், வலி தெரியுமுன்பே முழங்காலின் இணைப்பு நார் அறுந்துவிடலாம். ஆதலின் குதிகாலை மறைத்தல், முழங்காலை விடுவித்தல், இயலாதபோது உடனே கையால் தட்டித் தோல்வியை ஏற்றல் ஆகியவையே முதற்பாடம்.

கிள்ளியோடு அவன் தந்தை தித்தன் பிணங்கியிருந்தான் என்பர். மகிழினும் மகிழாவிடினும் இப்போரை அவன் காணட்டும் என்பதே புலவரின் விருப்பம். பெற்றோரே, நீங்களும் ஒருநாள் சென்று காணுங்கள். பிள்ளை தட்டினால் கடியாதீர்கள். அதுவும் கற்ற கல்வியே.