நிலவின் ஈர்ப்பு விசை

நிலவின் பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மீ/வி², இது புவியீர்ப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. புவியில் 60 கிலோ காட்டும் வில் தராசு அங்கே 10 கிலோவே காட்டும். ஆனால் பொருளின் நிறை மாறாது. நிலவின் நிறை புவியின் நிறையில் 81இல் ஒரு பங்கு; ஆரம் 1,737 கி.மீ. விடுபடு திசைவேகம் நொடிக்கு 2.38 கி.மீ. மட்டுமே என்பதால் அடர்ந்த வளிமண்டலம் அங்கு நிலைக்கவில்லை.

1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், ஒரு கையில் சுத்தியலையும் மறு கையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் கீழே விட்டார். காற்றுத் தடை இல்லாததால் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன.

நிலவில் ஈர்ப்பு எங்கும் சீராக இல்லை. பெரிய மோதல் படுகைகள் பலவற்றின் அடியில் நிறைச்செறிவுகள் இருப்பது 1968இல் தெரியவந்தது. 2012இல் நாசாவின் கிரெய்ல் இரட்டை விண்கலங்கள் இவ்வேறுபாடுகளை நுட்பமாக அளந்து வரைபடமாக்கின.