பல் இரசக்கலவை: இயற்பியல் பண்புகளும் மருத்துவப் பயனும்

பல் இரசக்கலவை என்பது சொத்தையைச் சுரண்டி எடுத்தபின் பல்லில் உண்டாகும் குழியை நிரப்பும் உலோகப் பொருள். வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியவை சேர்ந்த உலோகப்பொடியைப் பாதரசத்துடன் அரைத்தால் குழைவான பிண்டம் கிடைக்கிறது. அதைக் குழிக்குள் இட்டு அமுக்கிச் செதுக்குகிறார்கள். சில நிமிடங்களில் இறுகத் தொடங்கி, ஒரு நாளில் உலோகத்துக்குரிய உறுதியைப் பெறுகிறது. அடைப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி பாதரசம். பொதுவழக்கில் இது வெள்ளி அடைப்பு எனப்படும். கடைவாய்ப் பற்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இதுவே முதன்மையான அடைப்புப் பொருளாக இருந்தது. பல் மருத்துவப் பொருள்களின் இயற்பியல் பண்புகளை அளந்து பார்க்கும் துறையும் இதைச் சுற்றியே வளர்ந்தது.

தோற்றமும் பூசலும்

வெள்ளி, வெள்ளீயம், பாதரசம் கலந்த பசையைப் பல்லுக்கு இடும் முறை சீனாவில் தாங் அரசமரபின் காலத்தில், கி.பி. 659இல் தொகுக்கப்பட்ட மருந்து நூலிலேயே கூறப்பட்டுள்ளது. ஐரோப்பாவில் இது பிறந்தது பாரிஸ் நகரில். அங்கு முதலில் பிஸ்மத், ஈயம், வெள்ளீயம் சேர்ந்த டார்சே உலோகத்தைக் கொதிநீரின் சூட்டில் உருக்கிப் பல்லில் ஊற்றினார்கள். அந்தச் சூட்டைத் தணிக்கவே பாதரசம் சேர்க்கப்பட்டது. 1826இல் ஒகுஸ்த் தாவோ வெள்ளி நாணயங்களை அராவிய தூளைப் பாதரசத்தில் குழைத்து, உருக்க வேண்டாத பசையை அறிமுகப்படுத்தினார். இன்றைய அடைப்பின் நேர் மூதாதை அதுவே.

1833இல் கிராக்கூர் சகோதரர்கள் இப்பசையை நியூயார்க்குக்குக் கொண்டுசென்று, அரச கனிம மாற்றுப்பொருள் என்னும் பொருள்படும் பகட்டான பெயரில் விற்றனர். சொத்தையை முழுதும் நீக்காமலே அடைத்ததால் அவர்களுடைய வேலை விரைவில் கெட்டது. பழி பொருளின் மேல் விழுந்தது. அக்காலத்துத் தேர்ந்த பல் மருத்துவர்கள் தங்கத் தகட்டைச் சிறிது சிறிதாகக் குழியில் தட்டி நிரப்பினார்கள். அதற்கு நீண்ட நேரமும் நோயாளியிடம் பெரும்பணமும் வேண்டியிருந்தது. 1840இல் தொடங்கிய அமெரிக்கப் பல் அறுவை மருத்துவர் சங்கம், இரசக்கலவையைத் தொடுவதில்லை என்று 1845இல் உறுப்பினர்களிடம் உறுதிமொழி கேட்டது. கையெழுத்திட மறுத்தவர்கள் நீக்கப்பட்டனர். இரசக்கலவைப் போர் என வரலாற்றில் பெயர்பெற்ற இப்பூசலில் சங்கம் பிளவுபட்டு, 1856இல் கலைந்தது. எளியவர்களின் பல்லைக் காத்த பொருளை இச்சங்கம் அளந்து பார்க்காமலே ஒதுக்கியது என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

அளவீட்டின் தொடக்கம்

பூசலைத் தீர்த்தது அளவுகோல். இங்கிலாந்தில் ஜான் டோம்ஸ், பின்னர் அவர் மகன் சார்லஸ் டோம்ஸ் ஆகியோர் இறுகும் கலவை எவ்வளவு சுருங்குகிறது என்று ஆராய்ந்தனர். அமெரிக்காவில் கிரீன் வார்டிமன் பிளாக் (1836–1915) இதை முழுமையான அறிவியலாக்கினார். கடிவிசையை அளக்கவும், இறுகும் கலவை நகரும் நுண்ணிய தொலைவை அளக்கவும் தாமே கருவிகள் அமைத்தார். 1895, 1896ஆம் ஆண்டுகளில் வெளியான அவருடைய கட்டுரைகள் ஒரு செய்தியை நிலைநாட்டின: வெள்ளி மிகுந்தால் அடைப்பு விரியும், வெள்ளீயம் மிகுந்தால் சுருங்கும். உலோகப்பொடியில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் வெள்ளியும் நான்கில் ஒரு பங்கு வெள்ளீயமுமாகச் சேர்த்தால் இவ்விரு போக்குகளும் ஒன்றையொன்று சரிக்கட்டும். இந்த விகிதம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அசையாமல் நின்றது. புதிதாக அராவிய தூள் நாள்பட நாள்பட நடத்தை மாறுகிறது என்பதையும், மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் அது நிலைப்படுகிறது என்பதையும் அவரே காட்டினார்.

முதல் உலகப்போர் முடிந்தபோது அமெரிக்கப் படைத்துறை தன் வீரர்களுக்கு வாங்கும் கலவைகளைச் சோதித்துத் தரும்படி தேசியத் தர அளவைக் கழகத்தைக் கேட்டது. வில்மர் சூடரின் தலைமையில் 1919இல் தொடங்கிய சோதனைகளில் சந்தைப் பொருள்களின் தரம் பெரிதும் ஏறியிறங்கியிருப்பது தெரியவந்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1928 முதல் இப்பணியில் இணைந்தது. அது வகுத்த விவரக்குறிப்புகளுள் முதலாம் எண் இரசக்கலவைக்கு உரியது.

பரிமாண மாற்றம்

இறுகும்போது ஏற்படும் நீள மாற்றம் ஒரு சென்டிமீட்டருக்கு 20 மைக்ரோமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்பது அவ்விவரக்குறிப்பின் நெடுநாள் வரம்பு. சுருக்கம் மிகுந்தால் குழியின் சுவருக்கும் அடைப்புக்கும் இடையில் உமிழ்நீர் புகுந்து மீண்டும் சொத்தை உண்டாகும். விரிவு மிகுந்தால் பல் வலிக்கும், அடைப்பு மேலெழும், மெல்லிய சுவர் விரிசல் காணும். அரைக்கும் நேரம் நீண்டால் சுருக்கம் கூடும். பாதரசம் மிகுந்தால் விரிவு கூடும். கலவை எவ்வளவு நல்லதாயினும் அதன் அளவு மாற்றத்தில் பாதி மருத்துவரின் கையில்தான் உள்ளது.

துத்தநாகம் சேர்ந்த பொடியில் ஈரம் பட்டால் நேரும் கேடு தனிவகை. உமிழ்நீரோ கையின் வியர்வையோ பட்டால் துத்தநாகம் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வளியை விடுகிறது. அந்த வளியின் அழுத்தத்தால் மூன்று முதல் ஐந்து நாள் கழித்து அடைப்பு விரியத் தொடங்கி, ஒரு சென்டிமீட்டருக்கு 400 மைக்ரோமீட்டரையும் தாண்டக்கூடும். அடைத்த அன்று நலமாக இருந்தவர் சில நாள் கழித்துக் கடும்வலியுடன் திரும்பி வந்தால் இதையும் ஐயுற வேண்டும்.

வெப்பப் பண்புகள்

பல்லின் வெப்ப விரிவுக் கெழு ஒரு செல்சியஸ் பாகைக்கு மில்லியனில் 11 பங்கு. இரசக்கலவைக்கு அது 25, நிரப்பி சேராத அக்ரிலிக் பிசினுக்கு 80க்கு மேல். குளிர்நீருக்கும் சூடான காப்பிக்கும் இடையில் பல்லும் அடைப்பும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் இடைவெளி திறந்து மூடுகிறது. நெல்சன், வோல்காட், பஃபன்பார்கர் ஆகியோர் அடைப்பின் ஓரத்தில் நீர் இவ்வாறு உள்ளிழுக்கப்பட்டு வெளித்தள்ளப்படுவதை 1952இல் காட்டினர். அக்ரிலிக் அடைப்புகள் ஓரத்தில் கறுத்துத் தோற்றதற்கு இதுவே தலையாய காரணம். இரசக்கலவைக்கு இங்கே ஓர் ஆதாயம் உண்டு. அதன் அரிமானப் பொருள்கள் இடைவெளியில் படிந்து நாளடைவில் தாமே அதை அடைத்துவிடுகின்றன. வேறெந்த அடைப்புப் பொருளுக்கும் இத்தகைய இயல்பு இவ்வளவு தெளிவாக இல்லை.

உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தும். பற்சிப்பியை விட இரசக்கலவை இருபது மடங்குக்கு மேல் கடத்துவதால், ஆழமான குழியில் பற்கூழுக்கு அருகே அதை நேராக வைத்தால் பல் கூசும். அடியில் போதிய டென்டின் இல்லாதபோது சிமெண்ட் பூச்சு இடுவது இதற்காகவே.

வலிமையும் ஊர்தலும்

நன்கு இறுகிய கலவை 400 மெகாபாஸ்கல் அளவுக்கு அமுக்கத்தைத் தாங்கும். இழுவிசையில் அதன் வலிமை 50, 60 மெகாபாஸ்கல் மட்டுமே. அமுக்கினால் தாங்குவது வளைத்தால் உடையும். குழியின் வடிவத்தை வகுத்தது இந்தக் குறைதான்: அடித்தளம் தட்டையாக, உள்மூலைகள் உருண்டு, ஓரம் செங்கோணத்தில், அடைப்பின் தடிமன் குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர். உலோகம் பல்லோடு ஒட்டாது. ஆகவே அது கழலாமலிருக்கக் குழியை உட்புறம் சற்று விரிவாக அமைக்க வேண்டும். நல்ல பல்லும் ஓரளவு வெட்டுப்படும். அடைத்து இருபது நிமிடத்தில் அதன் வலிமை முழு வலிமையில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அன்று அந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்று நோயாளியிடம் சொல்லி அனுப்புவது அதனால்தான்.

பாதரச அளவும் வலிமையோடு பிணைந்தது. முடிந்த அடைப்பில் அது 55 விழுக்காட்டைத் தாண்டினால் வலிமை சடுதியில் விழுகிறது. முன்பு கல்வத்தில் தாராளமாகப் பாதரசம் விட்டு அரைத்து, மிகுதியைத் துணியில் பிழிந்தெடுப்பார்கள். 1959இல் வில்மர் ஈம்ஸ் பொடியையும் பாதரசத்தையும் சம எடையில் எடுக்கும் முறையைப் பரப்பியபின் பிழிவதற்கே தேவை இல்லாமற்போனது.

நிலையான சுமையில் பொருள் மெல்ல மெல்ல உருக்குலைவது ஊர்தல் எனப்படும். பழைய கலவைகளில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்து காமா-2 என்னும் வலுவற்ற கட்டத்தை உண்டாக்கின. ஊர்தலுக்கும் அரிமானத்துக்கும் அதுவே இடம். ஊர்தல் மிகுந்த கலவைகளின் ஓரங்கள் விரைவில் உடைந்து பள்ளமாவதை 1970இல் மாலரும் உடனுழைத்தோரும் காட்டினர். இதற்குள் தீர்வு கிடைத்திருந்தது. 1963இல் கனடாவில் இன்னெஸ், யூடலிஸ் இருவரும் வெள்ளியில் 72க்கு 28 என்ற விகிதத்தில் செம்பு கலந்த உருண்டைத் துகள்களைச் சேர்த்தனர். அச்செம்பு வெள்ளீயத்தைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால் காமா-2 ஏறத்தாழ முழுதும் ஒழிகிறது. பழைய கலவையில் சில விழுக்காடாக இருந்த ஊர்தல், உயர்செம்புக் கலவையில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பிளாக்கிற்குப் பின் இத்துறை கண்ட மிகப்பெரிய முன்னேற்றம் இதுவே.

பிற

எதிர்ப்பல்லில் தங்க உறை இருந்தால் இரு உலோகங்களுக்கிடையே மின்னோட்டம் பாய்ந்து சுருக்கென்று வலிக்கும். பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மெல்லும்போது நுண்ணளவு பாதரச ஆவி வெளிவருகிறது. 2006இல் வெளியான நியூ இங்கிலாந்து, லிஸ்பன் சிறார் ஆய்வுகள், இரசக்கலவை இட்ட குழந்தைகளுக்கும் பிசின் கலவை இட்ட குழந்தைகளுக்கும் நரம்பு, அறிவுத்திறன் சோதனைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஒவ்வாமை உள்ள மிகச் சிலரை விட்டால், நல்ல அடைப்பைப் பாதரச அச்சத்தால் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை.

2013இல் உருவாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கையின்படி நாடுகள் இதன் பயன்பாட்டைக் குறைத்து வருகின்றன. சிறுவருக்கும் கருவுற்றோருக்கும் இதைத் தவிர்ப்பது வழக்கமாகியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 தொடக்கத்திலிருந்து மருத்துவத் தேவை உள்ளோர்க்கன்றி இதைத் தடைசெய்துள்ளது. பல்லின் நிறத்தை ஒத்த பிசின் கலவையும் கண்ணாடி அயனோமரும் இதன் இடத்தைப் பெற்றுவருகின்றன.