ஆங்கிலத்தில் தவறியவர் எழுதிய ஆய்வேடு



பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கும் என் பேத்தி, ப்ராஜெக்ட்டை இங்கிலீஷில் எழுத வேண்டுமே என்று நேற்று கண் கலங்கினாள். அவளுக்குச் சொன்னது இது.

கணிதமேதை இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறி, உதவித்தொகையை இழந்தவர். சென்னையிலும் எஃப்.ஏ. தேறவில்லை. 1910-இல் வேலை தேடி, நோட்டுப் புத்தகத்தோடு நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துத் திருக்கோவிலூருக்கு வந்தார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்த வி. இராமசாமி ஐயர், சென்னைக் கணித நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். 1916 மார்ச்சில் ஆய்வுக்காகவே பி.ஏ. பட்டம் பெற்றார். 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இத்தகைய எண்களைப் பற்றியது அந்த ஆய்வு. ஆங்கிலத்தைப் பேராசிரியர் ஹார்டி திருத்திக் கொடுத்தார். சிந்தனை இராமானுஜனுடையது.

"உனக்கு இங்கிலீஷ் வராது" என்று ஒரு பையனை நான் வகுப்பில் மட்டம் தட்டியிருக்கிறேன். அடுத்த வாரமே அவன் படிப்பை நிறுத்திவிட்டான். தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு.

பேத்தியிடம், "முதலில் தமிழில் எழுதும்மா, மொழியைத் திருத்த ஆள் கிடைப்பார்கள்" என்றேன். இன்று காலை நான்கு பக்கம் எழுதிவிட்டாள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்