வீட்டு வாசலில் என்ஜின் பழுது பார்த்த காலம்

1960 முதல் 1980களின் தொடக்கம் வரை இந்தியச் சாலைகளில் ஓடிய கார்களில் மிகப் பெரும்பாலானவை மூன்றே வகை: வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாயின் குர்லாவில் தயாராகி 1974இல் பத்மினி என்று பெயர் மாறிய பியட், சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. முழுதாகக் கட்டப்பட்ட கார்களை இறக்குமதி செய்ய அரசு 1949இல் தடை விதித்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்களுக்கு இடமில்லை என்ற கொள்கை 1953இல் வந்தபின் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு போன்றவை வெளியேறின. புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே கையில் இருந்த காரை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓட்டுவது சாதாரணம். அப்படி ஓட்ட வேண்டியிருந்ததால், என்ஜினைத் திறந்து பார்க்கத் தெரிவது பல வீடுகளில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவாயிற்று.

பற்றாக்குறை மட்டும் இதற்குக் காரணம் அல்ல. அந்த என்ஜின்களின் அமைப்பே கைக்கு இணக்கமானது. அம்பாசடர் 1959இல் ஏற்ற 1489 சிசி என்ஜின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்தது, நான்கு சிலிண்டர், ஒரே ஒரு கார்புரேட்டர், ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர், சுற்றிலும் கை நுழையத் தாராளமான இடம். ஹெரால்டில் இன்னும் வசதி. முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாயும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். வீட்டு மெக்கானிக்குக்கு அதைவிட ஏற்ற கார் இந்தியாவில் வந்ததில்லை என்றே சொல்லலாம்.

ஸ்டார்ட் ஆகாத காரில் முதலில் கேட்கப்பட்ட கேள்வி, குறை கரண்டிலா பெட்ரோலிலா என்பது. ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை என்ஜின் இரும்பிலிருந்து கால் அங்குலம் தள்ளிப் பிடித்து ஒருவர் ஸ்டார்ட்டரை இயக்கச் சொல்வார். நீல நிறத்தில் 'டக் டக்' என்று பொறி தாவினால் கரண்ட் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறக்க வேண்டும். இந்தச் சோதனையின்போது பக்கத்தில் பெட்ரோல் திறந்திருக்கக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம்.

அந்த மூடிக்குள்தான் பழைய கார்களின் பாதித் தொல்லை குடியிருந்தது. அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910 வாக்கில் காடிலாக் கார்களில் இடம்பெற்ற பேட்டரி இக்னிஷன் முறை, பெரிய மாற்றமின்றி அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் நீடித்தது. அதில் பாயிண்ட் எனப்படும் இரு சிறு உலோக முனைகள் ஒவ்வொரு பொறிக்கும் ஒருமுறை பிரிந்து சேரும். பிரியும் நொடியில் காயிலில் உயர் மின்னழுத்தம் எழுந்து பிளக்கில் பொறியாகிறது. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை பிரிந்து சேர்வதால் முனைகள் கருகும், குழி விழும், இடைவெளி குறையும். உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஃபீலர் கேஜ் நுழைத்து, அம்பாசடருக்கு அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் இடைவெளி வைப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. பிளக்கின் இடைவெளி ஆயிரத்தில் 25. ஹேக்ஸா பிளேடின் கனமும் ஏறத்தாழ அதுவே என்பதால், கேஜ் இல்லாதவர்கள் உடைந்த பிளேடு ஒன்றை வைத்திருந்தார்கள்.

பாயிண்டைவிட ஏமாற்றியது கண்டன்சர். காலையில் கார் நன்றாக ஓடும். சூடேறியதும் மிஸ் அடிக்கும். ஆறியபின் மறுபடி சரியாகும். பாயிண்ட் பிரியும்போது எழும் மின்சாரத்தை உள்வாங்கி, முனைகளுக்கிடையே தீ தாவாமல் காப்பது அதன் வேலை. சூட்டில் அதன் உள்காப்பு இளகினால் அந்த வேலை நின்றுவிடும். இக்னிஷனைப் போட்டு, மூடிய பாயிண்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிப் பார்ப்பார்கள். பெரிய பொறி பறந்தால் கண்டன்சர் போய்விட்டது என்று பொருள். பொருள் சிறியது, விலையும் குறைவு. ஆனால் அதை அறியாமல் காயிலையும் பிளக்குகளையும் வீணாக மாற்றியவர்கள் பலர். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை: தெருவில் தேங்கிய நீரை ஃபேன் வாரி இறைத்து டிஸ்ட்ரிப்யூட்டரை நனைக்கும். மூடியை உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தால் கார் புறப்பட்டுவிடும்.

கரண்ட் இருந்தும் ஓடாவிட்டால் பெட்ரோல் பக்கம் போக வேண்டும். என்ஜின் பிளாக்கிலேயே பொருத்திய பம்ப் கோடையில் கொதித்துவிடும். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். குன்னூர், கொடைக்கானல் மலைப்பாதைகளில் பானெட்டைத் திறந்து, பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருந்த கார்கள் அந்நாளைய வழக்கமான காட்சி. கார்புரேட்டரில் தூசி அடைத்த ஜெட்டைக் கழற்றி வாயால் ஊதினாலே போதும். கம்பியை நுழைத்தால் துளை பெரிதாகிப் பெட்ரோல் செலவு ஏறிவிடும் என்று அனுபவசாலிகள் தடுப்பார்கள். பித்தளை ஃபுளோட்டில் ஓட்டை விழுந்ததா என்று அறிய அதை வெந்நீரில் அமுக்குவார்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

என்ஜினின் உள் உடல்நிலையைச் சொன்னது பிளக்கின் நிறம். கரும்புகை படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் குறைவு அல்லது மிகைச் சூடு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங் தேய்வு. இளம்பழுப்பு என்றால் எல்லாம் நலம். அம்பாசடரோடு வந்த ஸ்டார்ட்டிங் ஹேண்டிலும் ஒரு சோதனைக் கருவியாயிற்று. அதைக் கையால் சுற்றும்போது நான்கு சிலிண்டரும் ஒரே அளவு எதிர்க்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அதன் பிளக் துளையில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி சுற்றுவார்கள். எதிர்ப்பு கூடினால் குறை ரிங்கில், கூடாவிட்டால் வால்வில். டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்தது போல வந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கும்.

ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவதையும் வால்வுகளைப் பேஸ்ட் தடவி உட்கார வைப்பதையும்கூடத் துணிந்தவர்கள் வீட்டிலேயே செய்தார்கள். சிலிண்டர் ரீபோர், கிராங்க் கிரைண்டிங் ஆகியவை மட்டும் லேத் பட்டறைக்குப் போகும். சென்னையில் புது உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழையதற்குப் புதுப்பேட்டை. 1949இல் தொடங்கிய இந்தியா பிஸ்டன்ஸும், 1960களின் தொடக்கத்தில் பாடியில் வந்த லூகாஸ் டிவிஎஸ்ஸும் தேவையான பாகங்களில் பலவற்றைச் சென்னையிலேயே செய்தன. இந்தத் தொழில்கள் இல்லாமல் வீட்டுப் பழுது இவ்வளவு காலம் நிலைத்திருக்காது.

1983இல் மாருதி 800 வந்தபோது அதிலும் கார்புரேட்டரே இருந்தது. ஆனால் அது அடிக்கடி நிற்கவில்லை. பழுது கற்க வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. 2000இல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோலுக்கு மாறியது. புகை விதிகள் கடுமையாக, கார்புரேட்டரின் இடத்தைக் கணினி கட்டுப்படுத்தும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் பிடித்தது. 2010க்குப் பிறகு பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு, குறையைத் தானே பதிந்து டாஷ்போர்டில் விளக்கு எரியச் செய்யும் அமைப்பு கட்டாயமாயிற்று. குறை என்ன என்று அறிய ஸ்கேனர் தேவைப்பட்டது. 2014 மே மாதம் அம்பாசடர் உற்பத்தி நின்றது. இன்று பழைய கார் வைத்திருப்போரில் பலர் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்திக்கொள்கிறார்கள். அது எளிதில் கெடாது. கெட்டால் சாலையோரத்தில் சரிசெய்யவும் முடியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பழைய பாயிண்ட், கண்டன்சர் ஒரு ஜோடியை டிக்கியில் வைத்தே பயணம் புறப்படுகிறார்கள்.