அறிமுக நூல்களின் நம்பகம்: பொருளியல், சமூகவியல் வரலாற்றிலிருந்து சில சான்றுகள்

ஒரு துறையுள் புதிதாகப் புகுவோர்க்கு அறிமுக நூலே வாயிலாகும். முன்னறிவு இல்லாத மாணவன், நூல் கூறுவனவற்றை ஆராய்ந்து தெளியும் ஆற்றல் பெற்றிலன். ஆதலின் ஆசிரியரின் புகழையும் பதிப்புகளின் எண்ணிக்கையையும் கண்டே நூலை நம்புகின்றான். இவை தக்க அளவுகோல்கள் ஆகுமா என்பதை அமெரிக்கப் பாடநூல் வரலாறு கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பால் சாமுவேல்சன் எழுதிய 'பொருளியல்' 1948-இல் வெளிவந்தது. கெயின்சின் கொள்கையை மாணவர்க்கு எளிதாக்கிய அந்நூல், பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, 19 பதிப்புகள் கண்டது. ஆசிரியர் 1970-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்நூலின் 1961-ஆம் ஆண்டுப் பதிப்பு, சோவியத்து நாட்டின் மொத்த உற்பத்தி 1984-க்கும் 1997-க்கும் இடையே அமெரிக்காவினதை எட்டக்கூடும் என்று வரைபடம் இட்டுக் காட்டிற்று. 1980-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அக்கணிப்பு நீடித்தது. எட்டும் காலம் மட்டும் 2002-க்கும் 2012-க்கும் இடைப்பட்டதாகத் தள்ளிவைக்கப்பட்டது. 1991-இல் சோவியத்து ஒன்றியமே கலைந்தது. டேவிட் லெவி, சாண்ட்ரா பியர்ட் என்னும் இருவரும் பதிப்புகளை ஒப்புநோக்கி இச்செய்தியை ஆராய்ந்துள்ளனர். வருவதுரைத்தல் பிழைபடுவது எவர்க்கும் இயல்பு. முன்னைக் கணிப்புப் பிழைத்ததைத் தெளிவுற உரையாது காலத்தை மட்டும் மாற்றியமையே மாணவர்க்கு இழப்பாயிற்று. புகழும் பல பதிப்பும் அவ்விழப்பைத் தடுக்கவில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. சாமுவேல்சனுக்கு ஓராண்டு முன்னர், 1947-இல், கெயின்சிடம் பயின்ற லோரி டார்ஷிஸ் ஒரு பாடநூல் வெளியிட்டார். அதன் அரசியற் சார்பைப் பழித்துக் கல்லூரி ஆட்சியாளர்க்குக் கடிதங்கள் சென்றன. கல்லூரிகள் பல அதனைக் கைவிட்டன. ஆகவே ஒரு நூல் வழக்கொழிதலும் அதன் தகுதியின்மைக்குச் சான்றாகாது.

சமூகவியலில் வேறொரு முறையைக் காண்கிறோம். 1921-இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்து இராபர்ட் பார்க், எர்னஸ்ட் பர்ஜஸ் இருவரும் வெளியிட்ட அறிமுக நூல் ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. அவர்கள் தம் கருத்தை மட்டும் கூறியமையாது, சிம்மல், டர்க்கைம் முதலியோரின் எழுத்துப் பகுதிகளையே எடுத்துத் தந்தனர். இயல்தோறும் நூற்பட்டியும் ஆய்வு வினாக்களும் சேர்த்தனர். எனினும், இனங்களுக்குப் பிறவிக் குணம் உண்டு என்னும், இன்று மறுக்கப்பட்ட கருத்தும் அந்நூலில் இடம்பெற்றுள்ளது. நல்ல அமைப்புடைய நூலிலும் காலத்தின் பிழை புகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. ஆயினும் மாணவனை மூலங்களை நோக்கி ஆற்றுப்படுத்திய நூலாதலின், அதனோடு மாறுபடும் வழியும் அதனுள்ளேயே திறந்திருந்தது.

நூலைக் கற்குமுன் அதன் இயல்பை ஆராய்தல் நமக்குப் புதிதன்று. நன்னூற் பாயிரம் நூலுக்குரிய குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்துரைக்கின்றது. சுவடிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டுப் பாடம் தேரும் பயிற்சியுடைய தமிழாய்வாளர், பிற துறை நூல்களிடத்தும் அப்பயிற்சியைக் கைக்கொள்ளலாம். யாவரும் உடன்பட்ட முடிபையும் வழக்கிலுள்ள கருத்து வேறுபாட்டையும் நூல் பிரித்துக் காட்டுகின்றதா, புள்ளிவிவரங்களுக்கு மூலம் சுட்டுகின்றதா, முன்னைப் பதிப்பிலிருந்து மாறியவற்றிற்குக் காரணம் கூறுகின்றதா என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். பதிப்பாண்டையும் தவறாது நோக்குதல் வேண்டும். மாறுபட்ட நோக்குடைய இரு நூல்களை ஒருசேரப் பயில்வது, தொடக்க நிலை மாணவனுக்கு இவ்வாராய்ச்சியை எளிதாக்கும்.