ஆறு பென்ஸ் புத்தகமும் மூன்று வழக்குகளும்

1935ல் லண்டனில் ஒரு புது நாவல் வாங்க ஏழரை ஷில்லிங் வேண்டும். அதாவது 90 பென்ஸ். அந்த நாளில் 6 பென்ஸுக்கு நல்ல நாவல் விற்கப் போகிறேன் என்று ஒருவர் கிளம்பினார். பத்து சிகரெட் உள்ள பாக்கெட்டின் விலைக்குப் புத்தகமா? தேறாது என்றே பதிப்புலகில் பலரும் நினைத்தார்கள். அவர் ஆலன் லேன். அவர் தொடங்கியது பென்குயின்.

(அகதா கிறிஸ்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது எக்ஸிடர் ரயில் நிலையத்தில் படிக்க உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை, அப்போதுதான் லேனுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு அதைவிட சுவாரசியம்!)

விலை இவ்வளவு குறைவு என்பதால், ஒவ்வொரு புத்தகமும் சுமார் 17,000 பிரதிகள் விற்றால்தான் போட்ட முதல் திரும்பும். புத்தகக் கடைக்காரர்கள் தயங்கினார்கள். கைகொடுத்தது ஒரு புத்தகக் கடையே அல்ல. சோப்பு, சீப்பு, பாத்திரம் என்று மலிவு விலைச் சாமான்கள் விற்ற உல்வொர்த்ஸ் 63,500 பிரதிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. 1935 ஜூலை 30 அன்று முதல் 10 புத்தகங்கள் வந்தன. முதல் ஓராண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் பிரதிகள் விற்றன. சரக்கு வைக்க இடமில்லாமல் ஒரு தேவாலயத்தின் நிலவறையைக் கிடங்காக்கிக் கொண்டார்கள்.

நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். எழுத்தாளர் யாரென்று தெரியாவிட்டாலும் அட்டையை நம்பி வாங்கினார்கள். கணக்குப் பதிவியல் பாடத்தில் 'நற்பெயர்' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு சொத்து வருமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். 1937ல் அறிவு நூல்களுக்காகப் பெலிகன் வரிசை தொடங்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன், பின்னாளில் நம் பாதுகாப்பு அமைச்சர்!

அந்த நற்பெயருக்கு 1960ல் சோதனை வந்தது. டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' நாவலை முழுமையாக வெளியிட்டதற்காக ஆபாச வழக்கு. பென்குயின் 2 லட்சம் பிரதிகளை அச்சிட்டு வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் நின்றது. 35 பேர் அதற்காகச் சாட்சி சொன்னார்கள். நவம்பர் 2ல் விடுதலை. அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 20 லட்சம் பிரதிகள் விற்றன. 1961ல் நிறுவனத்தின் பங்குகள் வெளியானபோது, இருந்ததைப் போல 150 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்தன. துணிச்சலும் லாபமும் ஒன்றாக வந்தது அபூர்வம்தான்.

1970ல் லேன் இறந்தார். அதே ஆண்டில் பியர்சன் நிறுவனம் பென்குயினை வாங்கியது. 2013ல் ராண்டம் ஹவுஸுடன் இணைந்து உலகின் மிகப் பெரிய பொதுநூல் பதிப்பகம் ஆனது.

அடுத்த ஆண்டே, 2014 பிப்ரவரியில், இந்தியாவில் இரண்டாவது வழக்கு முடிந்தது. வெண்டி டோனிகரின் 'தி இந்துஸ்' நூலைத் திரும்பப் பெற்று, மீதிப் பிரதிகளைக் கூழாக்கச் சம்மதித்து பென்குயின் சமரசம் செய்துகொண்டது. சட்டப் பிரிவு 295ஏ, ஊழியர்களின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னது. ஊழியர் பாதுகாப்பை யாரும் அலட்சியமாகப் பேச முடியாதுதான். ஆனாலும் 1960ல் இருந்ததைவிடப் பல மடங்கு பணம் இருந்தும் தீர்ப்பு வரும்வரை போராடாமல் விலகியது உறுத்துகிறது.

மூன்றாவது வழக்கு அமெரிக்காவில். சைமன் அண்ட் ஷூஸ்டரை 217.5 கோடி டாலருக்கு வாங்க 2020ல் பென்குயின் ராண்டம் ஹவுஸ் ஒப்பந்தம் போட்டது. 2021ல் அரசு வழக்குத் தொடுத்தது. வாசகருக்கு விலை ஏறும் என்பது முக்கிய வாதமல்ல. நன்றாக விற்கும் என்று எதிர்பார்க்கப்படும் நூல்களுக்குப் போட்டி போட்டு ஏலம் கேட்கும் கைகள் குறைந்தால் எழுத்தாளருக்குக் கிடைக்கும் முன்பணம் குறையும் என்பதுதான். ஸ்டீபன் கிங்கே அரசுத் தரப்பில் சாட்சி சொன்னார். பெரும்பாலான புத்தகங்கள் லாபம் தருவதில்லை, ஒரு சிலவே மற்றவற்றைச் சுமக்கின்றன என்பதும் விசாரணையில் வெளிவந்தது. அக்டோபர் 31, 2022ல் நீதிமன்றம் இணைப்பைத் தடுத்தது. ஒப்பந்தம் முறிந்ததற்காக 20 கோடி டாலர் கட்ட வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு சைமன் அண்ட் ஷூஸ்டரை 162 கோடி டாலருக்கு வாங்கியது கே.கே.ஆர். அது பதிப்பகம் அல்ல, முதலீட்டு நிறுவனம்.