நீரோடும் உள்ளுடை

பூமியை விட்டுப் போனால் குளிரில் விறைத்துப் போவோம் என்றுதான் நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் விண்வெளி உடுப்புக்குள் மனிதனை வதைப்பது புழுக்கம். காற்றே இல்லாத வெளியில் உடம்புச் சூடு வெளியேற வழி ஏது? பிளாஸ்கில் ஊற்றி மூடிய காப்பி மாதிரிதான்.

1966 ஜூன் 5-ந் தேதி யூஜீன் செர்னான் என்ற அமெரிக்கர் இதை அனுபவித்தார். ஜெமினி 9 கலத்திலிருந்து வெளியே வந்து வேலை செய்தார். உடுப்புக்குள் காற்றை ஓடவிட்டுக் குளிர்விக்கும் ஏற்பாடுதான் அப்போது உண்டு. காற்றடைத்து விறைத்த உடுப்போடு மல்லுக்கட்டியதில் வியர்த்துக் கொட்டிற்று. முகக் கண்ணாடியில் நீராவி படிந்து கண் மறைந்தது. மூக்கால் தேய்த்துச் சிறிது இடம் உண்டாக்கிக்கொண்டு பார்த்தாராம். செய்ய வேண்டிய சோதனையைக் கைவிட்டுத் தடவித் தடவி உள்ளே திரும்பினார்.

இதற்குப் பரிகாரம் ஓர் உள்ளுடை. இங்கிலாந்தில் பார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்தார் விமானிகளுக்காக முன்பே கண்டிருந்த யுக்தி அது. உடம்போடு ஒட்டிய வலைத்துணியில் மெல்லிய குழாய்களைத் தைத்து, குளிர்ந்த நீரை ஓடவிடுவார்கள். அப்பல்லோ உள்ளுடையில் குழாயின் நீளம் சுமார் 300 அடி. முதுகுப் பையிலுள்ள பம்பு நீரைச் சுற்றவிடும். சூடேறி வரும் நீரை ஆற்றுவதற்கு ஓர் உலோகத் தகடு. அதன் நுண்துளைகளில் வேறு தண்ணீர் பனிக்கட்டியாய் உறைந்து, நேரே ஆவியாகி, சூட்டையும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும். நம் மண்பானை செய்கிற வேலைதான். செலவுதான் கொஞ்சம் அதிகம்!

அதன்மேல் அணியும் உடுப்பைத் தைத்தது யார் தெரியுமா? டெலவேர் மாநிலத்து டோவர் நகரில், பிளேடெக்ஸ் என்ற பெயரில் பெண்களுக்கு மார்க்கச்சும் இடுப்புக்கச்சும் விற்ற கம்பெனி. 1965-ல் நடந்த போட்டியில், விமானச் சுழலி செய்து பேரெடுத்த கம்பெனியின் உடுப்பை இவர்களுடையது தோற்கடித்தது. இதில் எனக்கு வியப்பில்லை. மனித உடம்பு எங்கே மடங்கும், எங்கே உறுத்தும் என்பதெல்லாம் கச்சு தைத்தவளுக்கல்லவா தெரியும்! தையலில் ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. மறந்து விட்டுவிட்ட ஒரு குண்டூசி ஓர் உயிரைக் குடித்துவிடும். ஆகவே உடுப்பை எக்ஸ்ரே எடுத்தே பார்த்தார்கள். ராக்கெட் செய்தவர்களோடு இந்தத் தையற்காரிகளையும் சரிசமமாக உட்காரவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

1972 டிசம்பரில் அதே செர்னான் சந்திரனில் இறங்கினார். 3 தடவை வெளியே போனார். ஒவ்வொரு தடவையும் 7 மணி நேரத்துக்கு மேல். மண்ணைத் துளைத்தார், கல் பொறுக்கினார், வண்டி ஓட்டினார். புழுங்கினால் ஒரு திருகைத் திருப்பி, உள்ளுடையின் குளிர்ச்சியை 3 நிலைகளில் கூட்டவோ குறைக்கவோ அவரால் முடிந்தது.